மாடிக்கு ஷீட் போடப் போறீங்களா? காத்து எந்த வழியா போகும்னு முதல்ல கேளுங்க

மேல் மாடியில குடியிருக்கிறவங்களுக்கும், ஹாஸ்டல்ல கடைசி ஃப்ளோர் ரூம் கிடைச்சவங்களுக்கும் இதை விளக்கவே தேவையில்லை. மே மாசம் ராத்திரி பத்து மணிக்கு ஃபேன் போட்டாலும் அனல்தான் இறங்கும். பகல் முழுக்க வெயிலை வாங்கி வெச்சிருந்த கான்கிரீட் ஸ்லாப், பொழுது சாஞ்சதுக்கு அப்புறம் அதை நம்ம தலைமேல இறக்கி வைக்குது. உடனே வீட்டுல ஒரு முடிவு வரும்: "மாடிக்கு ஷீட் போட்டுடலாம்." கான்ட்ராக்டர் வருவார், டேப் பிடிப்பார், சதுர அடிக்கு ஒரு ரேட் சொல்வார். எங்க வீட்டுலயும் இப்ப அதே பேச்சுதான். அப்பாவோட பி.எஃப். பணத்துல கை வைக்கிற விஷயம். "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, பாத்துச் சொல்லு"ன்னு என் தலையில கட்டிட்டாங்க. பாத்ததைச் சொல்றேன்.

ஷீட்டுக்கும் ஸ்லாபுக்கும் நடுவுல இருக்கிற இடம்தான் இங்க விஷயமே. பழைய ஓட்டு வீடுகள்ல மச்சுன்னு ஒண்ணு இருக்குமே, கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் இதுவும் செய்யுது. வெயில் உச்சியில ஒரு சதுர மீட்டருக்கு 900, 1000 வாட் வரை விழும். கலர் ஷீட் 60 டிகிரியைத் தாண்டுறது சாதாரணம். அதுக்குக் கீழ இருக்கிற காத்து சூடாகி மேல ஏறும். அது வெளியே போக மேல ஒரு வழி வேணும், அந்த இடத்துக்குப் புதுக் காத்து வர கீழ ஒரு வழி வேணும். ரெண்டுல ஒண்ணு இல்லைன்னாலும் காத்து நகராது.

ஆனா சூடான காத்து தானா ஏறுற அந்த விசை ரொம்பச் சின்னது. கூரை உயரம் 2.5 மீட்டர், உள்ளே 50 டிகிரி, வெளியே 38 டிகிரின்னு வெச்சுக்கோங்க. அடர்த்தி வித்தியாசத்தை வெச்சுக் கணக்குப் போட்டா, கிடைக்கிற அழுத்தம் சுமார் 1 பாஸ்கல். தண்ணி உயரத்துல சொன்னா 0.1 மில்லிமீட்டர்! விநாடிக்கு 3 மீட்டர் வேகத்துல வீசுற சாதாரணக் காத்துக்கே 5 பாஸ்கல் அழுத்தம் உண்டு. அதனால காத்து வர்ற திசையை அடைக்காம இருக்கிறதுதான் முக்கியம். சென்னையில மத்தியானத்துக்கு மேல கடல்காத்து கிழக்குல இருந்து வரும். கோயம்புத்தூர்ல தென்மேற்குப் பருவத்துல பாலக்காட்டுக் கணவாய் வழியா மேற்குல இருந்து வரும். துணி நனையக் கூடாதுன்னு அந்தப் பக்கத்தையே ஷீட் வெச்சு முழுசா மூடச் சொன்னீங்கன்னா, காசு குடுத்து ஒரு அடுப்பைக் கட்டுறீங்கன்னு அர்த்தம்.

இந்த இடத்துலதான் கான்ட்ராக்டர் டர்போ வென்டிலேட்டரை எடுத்து வைப்பார். ஃபேக்டரி கூரையில சுத்துமே, அதேதான். கரன்ட் வேணாம், காத்துலயே சுத்தும். நல்ல பொருள்தான், நான் குறை சொல்லலை. ஆனா உங்க ஷெட்டுக்கு நாலு பக்கமும் திறந்திருந்தா அதுக்கு அங்க பெரிசா வேலை இல்லை. நாலு பக்கமும் மூடியிருந்தா, கீழ லூவர் வைக்காம அது மட்டும் சுத்திப் பிரயோஜனம் இல்லை. அதுக்காகக் கூரையில போடுற ஓட்டை வருங்காலத்துல ஒழுகலாங்கிறது தனிக் கதை. "காத்து எந்த வழியா உள்ளே வரும்?"னு கேட்டுப் பாருங்க. அவர் கை காட்டிச் சொன்னா பேச்சைத் தொடரலாம்.

காத்தோட்டம் மட்டும் எல்லாத்தையும் தீர்க்காது. சூடான ஷீட், கதிர்வீச்சு மூலமா நேரா ஸ்லாபைச் சுட வைக்கும். நடுவுல இருக்கிற காத்து அதைத் தடுக்காது. அதுக்கு மேல்பக்கம் வெள்ளை ஷீட் வேணும், இல்லைன்னா அடியில பளபளப்பான ஃபாயில் வேணும். ஃபாயிலோட பளபளப்பு காத்து இடைவெளியைப் பார்த்து இருந்தாத்தான் வேலை செய்யும். உண்மையைச் சொன்னா, உங்களுக்குச் சூடு மட்டும்தான் பிரச்சினைன்னா, ஷீட்டே வேணாம். ஸ்லாப் மேல வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடிச்சு ஒரு கோடை பாத்துடலாம், செலவு ரொம்பக் கம்மி. துணி காயப் போட, உட்கார நிழல் வேணும்னா மட்டும் ஷீட்டுக்குப் போங்க.

இனி பயப்பட வேண்டிய பகுதி. 2016 டிசம்பர்ல வர்தா புயல் வந்தப்போ சென்னையில பறந்த ஷீட்டுகளைப் பாத்தவங்களுக்குத் தெரியும். ஐ.எஸ். 875 மூணாம் பாகத்துல சென்னைக்கு அடிப்படைக் காத்து வேகம் விநாடிக்கு 50 மீட்டர். வேகத்தோட வர்க்கத்தை 0.6-ஆல பெருக்கினா 1500 பாஸ்கல். 10-க்கு 10 அடி கூரையில தோராயமா 1400 கிலோ எடைக்குச் சமமான தூக்கு விசை. அந்த ஷீட்டோட எடை என்னமோ 40 கிலோ சொச்சம்தான். பக்கங்கள் திறந்திருந்தா கீழ இருந்தும் காத்து தூக்கும். அதனால தூண் ஸ்லாபுல எப்படி உட்காரும், பேஸ் பிளேட்டுக்கு எத்தனை போல்ட், துளை போட்ட இடத்துல தண்ணி இறங்காம என்ன பண்ணுவாங்க, எல்லாத்தையும் கொட்டேஷன்லயே எழுதி வாங்குங்க. "இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலை சார்"ங்கிறது பதில் இல்லை.

ஷீட் தடிமன்ல ஒரு விளையாட்டு உண்டு. 0.5 எம்.எம்.னு சொல்வாங்க. அது பூச்சையும் சேர்த்தா, வெறும் இரும்போட தடிமனான்னு கேளுங்க. ரெண்டுக்கும் ஒரே விலை கிடையாது. சதுர அடி ரேட்டு தரை அளவுக்கா, ஓவர்லாப்பும் சேர்ந்த ஷீட் அளவுக்கான்னும் தெளிவா கேட்டுடுங்க. பில்லு போடும்போது வித்தியாசம் ஆயிரக்கணக்குல வரும். ஸ்க்ரூ ஷீட்டோட மேட்டுல இறங்கணும், ரப்பர் வாஷரோட. பள்ளத்துல போட்டா தண்ணி நிக்கிற இடத்துலயே ஓட்டை.

பணத்தை முழுசா முன்னாடியே குடுத்துடாதீங்க. ஒரு பகுதியை முதல் நல்ல மழை வரைக்கும் நிறுத்தி வைக்கிறதா ஆரம்பத்துலயே பேசிடுங்க. பெரும்பாலானவங்க முதல்ல முகம் சுளிப்பாங்க, அப்புறம் ஒத்துக்குவாங்க. ஒத்துக்காதவர்கிட்ட, போன வருஷம் அவர் போட்ட ஒரு மாடியோட விலாசத்தைக் கேட்டு, மத்தியானம் ரெண்டு மணிக்குப் போய் அந்த ஷீட்டுக்கு அடியில பத்து நிமிஷம் நின்னு பாருங்க.