வண்டி தட்டும் ஓசை என்ன சொல்கிறது?



செம்மண் சாலையில் வண்டி ஒன்று வருகிறது. அது கண்ணுக்குத் தெரியும் முன்பே, வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, “நம்ம தோட்டத்து ஜீப்புதான் வருது” என்று சொல்லிவிடுகிறார். பழகிய ஓசையைக் காது மறப்பதில்லை. அந்தப் பழகிய ஓசையில் ஒருநாள் புதிதாக ‘டக், டக்’ என்று ஒரு தட்டல் சேர்ந்துகொள்கிறது. “பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்” என்று நாம் விட்டுவிடுகிறோம். அப்படி விட்டுவிடலாமா என்பதே இன்றைய பேச்சு.

நான் பட்டறையில் தொழில் பழகிய காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தோட்டத்து ஃபோர் வீல் வண்டியில் முன்பக்கம் தட்டல் கேட்பதாக அதன் ஓட்டுநர் சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் வண்டியைச் சோதித்துப் பார்க்கவில்லை. முன்பக்க அப்சோபர் இரண்டையும் மாற்றினார்கள். ஓசை நிற்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, ஆறு பேரை ஏற்றிக்கொண்டு பாலத்துக்கு முன் திரும்பும்போது, ஸ்டீரிங் கம்பியின் மூட்டு கழன்றுவிட்டது. மேட்டில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்ததால் வண்டி மண் திட்டில் முட்டி நின்றது. ஓர் அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. அதே இறக்கமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தட்டியது அப்சோபர் அல்ல, அந்த மூட்டுதான்.

இரண்டு உறுப்புகள் சேரும் இடத்தில் இடைவெளி விழுந்தால், ஒன்று மற்றொன்றின் மேல் மோதும். அதுதான் தட்டல். நம் சாலைகளில் சேறும் தண்ணீரும் மூட்டுக்குள் புகுகின்றன. மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும். மணல் உள்ளே போகும். பிறகு தேய்மானம் விரைவாக வளரும். ஆகவே எங்கே இடைவெளி என்று கண்டுபிடிப்பதே வேலை.

முதலில், ஓசை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். வண்டியில் பயணம் செய்யும் எவரும் இதைச் செய்யலாம்.

நேராகப் போகும்போது குழிகளில் மட்டும் தட்டினால், ஸ்பிரிங் பட்டையின் ரப்பர் புஷ், ஷேக்கிள், அப்சோபரின் மேல், கீழ்ப் பிடிப்புகள் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். ஸ்டீரிங்கைத் திருப்பும்போது தட்டினால், டை ராட் மூட்டுகளையும், ஸ்டீரிங் பெட்டியைச் சேசியோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் பார்க்க வேண்டும். பிரேக் போடும்போது ஒரு முறையும், மீண்டும் நகரும்போது ஒரு முறையும் ‘டங்’ என்று கேட்டால், முன் அச்சையும் ஸ்பிரிங் பட்டையையும் சேர்த்துக் கட்டும் யூ போல்ட் தளர்ந்திருக்கலாம். அல்லது எஞ்சினின் வலுவைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீண்ட தண்டின் மூட்டு தேய்ந்திருக்கலாம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பல வண்டிகளில் நான்கு சக்கர ஓட்டம் சேற்றுக்கும் ஏற்றத்துக்கும் மட்டுமே உரியது. திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் உருளும். சேற்றில் சக்கரம் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. தண்டுகள் முறுக்கேறி இடித்துக்கொள்ளும். தார்ச்சாலை ஏறியதும் அந்த ஓட்டத்தை நீக்கினால், சில வண்டிகளில் இடிக்கும் ஓசையே மறைந்துவிடும்.

இனிச் சோதனைக்கு வருவோம். செலவில்லாததை முதலில் செய்ய வேண்டும். சக்கர நட்டுகளைச் சாவி போட்டு இறுக்கிப் பாருங்கள். தளர்ந்த நட்டும் தட்டும். அது மிகவும் ஆபத்தானது. பிறகு சேற்றைக் கழுவிவிட்டு, அடிப்பாகத்தைப் பக்கத்திலிருந்து விளக்கடித்துப் பாருங்கள். எங்கே இரும்பு பளபளவென்று தேய்ந்திருக்கிறதோ, எங்கே போல்ட்டைச் சுற்றிச் சிவந்த துருப்பொடி கசிந்திருக்கிறதோ, அங்கே அசைவு இருக்கிறது. ஸ்பிரிங் பட்டையில் முறிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்த சோதனைக்கு இருவர் வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் ஸ்டீரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாக விரைந்து ஆட்ட வேண்டும். மற்றவர் பக்கத்தில் குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். நல்ல மூட்டில் இரு பக்கமும் ஒன்றாக அசையும். தேய்ந்த மூட்டில் ஒரு பக்கம் முதலில் அசையும், மறுபக்கம் தாமதித்து அசையும். அந்தத் தாமதம்தான் நாம் தேடும் இடைவெளி. ஸ்டீரிங் பெட்டியே சேசியின் மேல் நகர்ந்தால், குற்றம் மூட்டில் இல்லை, அதன் போல்ட்டில் இருக்கிறது.

மூன்றாவது சோதனை, சக்கரத்தைத் தூக்கிச் செய்வது. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. அச்சுக்குக் கீழே உறுதியான தாங்கி வைத்த பிறகே வேலை தொடங்க வேண்டும். சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். 12 மணிக்கும் 6 மணிக்கும் கை வைத்து உள்ளும் வெளியும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் சக்கரப் பேரிங் தளர்ந்திருக்கிறது. மிதித்தும் நிற்கவில்லையென்றால், சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங் பின் அல்லது போல் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. 3 மணிக்கும் 9 மணிக்கும் கை வைத்து அசைக்கும்போது மட்டும் ஆட்டம் இருந்தால், டை ராட் மூட்டைப் பாருங்கள்.

முழு அச்சு உள்ள வண்டிகளில் இன்னொரு கோளாறு உண்டு. ஒரு குழியில் விழுந்து எழுந்ததும் முன் சக்கரங்கள் படபடவென்று ஆடும். ஸ்டீரிங் கையைப் பிடுங்கும். அப்போது பிரேக்கைப் பலமாக மிதிக்கக் கூடாது. ஸ்டீரிங்கை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, முடுக்கியை விட்டு, வேகத்தை மெல்லக் குறைத்து நிறுத்த வேண்டும். ஆட்டத்தை அடக்க ஸ்டீரிங் அப்சோபரைப் புதிதாகப் போடுவார்கள். அது நோயை மறைக்கும், தீர்க்காது. தேய்ந்த மூட்டு அங்கேயே இருக்கும்.

மூட்டை மாற்றும்போது, நட்டைப் பூட்டும் ஊசியையும் புதிதாகவே போட வேண்டும். பிறகு சக்கரங்களின் நேர்மையை அளந்து சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் டயர் ஒருபக்கம் தேயும். யூ போல்ட்டைப் புதிதாகப் போட்டால், சில நாள் ஓட்டியபின் மீண்டும் இறுக்க வேண்டும்.

நேயர்களே, ஸ்டீரிங் மூட்டில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் அந்த வண்டி ஆளை ஏற்றக் கூடாது. இதை யார் சொல்வது? ஓட்டுநர் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் மறந்துபோகும். எந்த நாள், எந்தப் பக்கம், எந்த நேரத்தில் ஓசை வந்தது என்று எழுதிக் கொடுத்து, ஒரு படி கையில் வைத்துக்கொள்ள வேண்டும். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தோட்டங்களுக்கும் பொருந்தும். வேலைக்குப் பயன்படும் இயந்திரங்களைப் பாதுகாப்பாக வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. பாதுகாப்பைப் பற்றிப் புகார் சொன்னதற்காகத் தொழிலாளியை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றும் சொல்கிறது. 2024 ஜூன் 1 முதல் அதில் இன்னோர் உரிமையும் சேர்ந்தது: உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்பத் தக்க காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி அதை நீக்கவில்லை என்றால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம்.

வண்டியின் பின்னால் உட்கார்ந்து போகும் தாய்மார்களே, உங்கள் காதும் ஒரு கருவிதான். புதிய ஓசை கேட்டால், “தம்பி, முன்னால என்னமோ தட்டுது, நிறுத்திப் பாருப்பா” என்று சொல்லத் தயங்காதீர்கள். ஐந்து நிமிடம் தாமதமானாலும் பாதகமில்லை. மாலையில் எல்லாரும் வீடு திரும்ப வேண்டும்.