பன்னிரு விசைகளும் நம் எழுத்துக்களும்

தமிழெழுத்துக்கள் 247, பழைய கைப்பேசியின் விசைகளோ பன்னிரண்டே. உயிரும் மெய்யுஞ் சேர்ந்து உயிர்மெய்யாதலின், முப்பதெழுத்தும் ஆய்தமும் இருந்தாற் போதுமென்பது உண்மையே. மலேசியாவின் முத்து நெடுமாறன் இயற்றிய 'செல்லினம்' 2005-இல் சிங்கப்பூரில் வெளிவந்து, கைப்பேசியில் தமிழ்ச்செய்தி எழுத வழிசெய்தது.

ஆயினும் ஒரு விசையில் எழுத்துப் பல அமைந்தமையால், அதனைப் பன்முறை அழுத்த நேர்ந்தது. இத்தொல்லை நீக்க வந்ததே ஊகமுறை. எழுத்துக்கு ஓரழுத்தம் போதும்; சொல்லைக் கருவி தன் அகராதியினின்று ஊகிக்கும். ஆங்கிலத்தில் 4663 என அழுத்தினால் 'ஹோம்', 'குட்' இரண்டும் பொருந்தும். வீடோ நன்மையோ, வேண்டுவதை நாமே தெரிந்தெடுத்தல் வேண்டும்!

தமிழிலோ இடர் வேறு. கடலூர் மாணவனொருவன் தன் வீட்டிற்குச் 'சிதம்பரத்திலிருந்து புறப்பட்டேன்' என்றெழுதப் புகுவானாயின், பெயர்களை மட்டுங் கற்ற கருவி திகைக்கும். ஈற்று மகரங் கெட்டு, அத்துச்சாரியை தோன்றி, அதன்மேல் உருபும் ஏறிற்றன்றோ? இப்புணர்ச்சியையும் அதற்குக் கற்பித்தாலன்றி, அது 'சிதம்பரம்' என்ற அளவிலேயே நின்றுவிடும்.