ஆடாதோடையும் ஆடுதீண்டாப்பாளையும்: மருந்துப் பெயராய்வில் ஒரு குறிப்பு

மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிப்போர்க்கும் அவற்றுக்குச் சொல்லடைவு வகுப்போர்க்கும் ஏனைய பதிப்பாளர்க்கு இல்லாத பொறுப்பு ஒன்று உண்டு. அகப்பாட்டில் ஒரு செடியின் பெயருக்குப் பிழையாகப் பொருளெழுதினால் பாட்டின் சுவை குன்றும். மருத்துவ நூலில் அங்ஙனம் எழுதினால் உண்பவன் உயிர்க்கே ஊறு நேரும். இவ்வுண்மையை ஆடாதோடை என்னும் புதர்ச்செடியின் பெயரைக்கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். முதற்கண் அச்செடியின் இயல்பையும் பயனையும் கூறிப் பின்னர் அதன் பெயர் வடிவத்தை ஆராய்ந்து, இறுதியில் அப்பெயரால் விளையக்கூடிய மயக்கத்தைக் காட்டுவோம்.

1. செடியும் பயனும்

ஆடாதோடை வேலியோரங்களிலும் தரிசு நிலங்களிலும் தானே வளரும் பசுமை மாறாப் புதர். ஆள் உயரத்திற்குச் சற்று மேலும் வளரும். இலை வேல்போல் நீண்டது. கசப்பும் ஒருவகை நாற்றமும் உடையது. மலர் வெண்மையானது, ஈரிதழாகப் பிளந்து, கீழிதழில் செவ்வூதாக் கோடுகள் பெற்றிருக்கும். வடமொழியாளர் இதற்கு இட்ட பெயர்களுள் ஒன்று 'சிங்காசியம்' என்பது. அரிமா முகத்தது என்று பொருள்படும். வாய் பிளந்தாற்போன்ற மலரின் தோற்றமே இப்பெயர்க்குக் காரணம் எனலாம். ஆடு மாடுகள் இதனை விரும்பி மேய்வதில்லை. ஆதலின் உழவர் இதனை வேலியாக வளர்ப்பர். தழையை நன்செய்க்கு உரமாகவும் இடுவர்.

கோழையை இளக்கி வெளிப்படுத்துதல் இதன் தலையாய பண்பு. இருமல், இரைப்பு, குருதி கசியும் நோய்கள் ஆகியவற்றுக்குச் சித்த மருத்துவரும் ஆயுள்வேத மருத்துவரும் ஒருங்கே இதனைக் கையாண்டு வந்துள்ளனர். இலைச்சாற்றைத் தேனுடன் குழைத்துக் கொடுத்தல் எளிய முறை. திப்பிலி, ஏலம், அதிமதுரம் முதலியவற்றோடு இலையைச் சேர்த்துக் காய்ச்சுவது குடிநீர். சாற்றை இனிப்புடன் பாகுபதமாக இறக்குவது மணப்பாகு. உலர்ந்த இலையைச் சுருட்டிப் புகைத்தல் இரைப்புக்கு வழங்கிய பழைய முறை. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டில் பரவலாக வழங்கப்பெற்ற கபசுரக் குடிநீரின் சரக்குகளுள்ளும் ஆடாதோடை இலை ஒன்றாகும்.

இவ்வழக்கிற்கு வேதியியற் சான்றும் உண்டு. 1888இல் ஊப்பர் என்னும் அறிஞர் இவ்விலையினின்று வாசிசின் என்னும் காரப்பொருளைப் பிரித்தறிந்தார். இப்பொருளின் அமைப்பைப் பின்பற்றியே புரோம்எக்சின் என்னும் கோழை இளக்கும் மருந்து செய்யப்பெற்று, 1963 முதல் வழக்கிற்கு வந்தது. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆற்றலும் உடையது. எனவே கருவுற்ற மகளிர்க்கு ஆடாதோடை ஆகாது என்பதை இச்செடியின் புகழ் பாடுவோர் மறத்தலாகாது.

2. பெயர் வடிவம்

ஆடாதோடை, ஆடாதொடை, ஆடுதொடா எனப் பல வடிவங்கள் வழங்குகின்றன. இவற்றுள் குற்றெழுத்து, நெட்டெழுத்து வேறுபாட்டைக் கொண்டு முடிவு செய்தல் எளிதன்று. பழைய ஏடுகளில் ஒகர ஓகாரங்களுக்கு வடிவ வேறுபாடு காட்டப்பெறுவதில்லை; புள்ளியும் இடப்பெறுவதில்லை. ஆகவே தொடை, தோடை என்னும் இரண்டும் ஏட்டில் ஒன்றுபோலவே தோன்றும். படிப்போர் தாம் கருதிய பொருளுக்கேற்பக் குறுக்கியோ நீட்டியோ படித்தனர் என்பது வெளிப்படை.

இலங்கையில் 1670களில் செடிகளைத் தொகுத்த பவுல் எர்மன் என்பாரின் வழியாக இப்பெயர் மேனாடு சென்றது. அவர் தொகுப்பை ஆராய்ந்த இலின்னேயசு, 1753இல் தம் நூலில் இச்செடிக்கு 'ஜஸ்டிசியா அடாதோடா' என்று பெயரிட்டார். பின்னர் நீசு என்பார் 'அடாதோடா வாசிகா' என்றார். முன்மொழி இலங்கையில் வழங்கிய நாட்டுப் பெயர். பின்மொழி 'வாசகம்' என்னும் வடமொழிப் பெயர். இக்காலத்துத் தாவர நூலார் இலின்னேயசு இட்ட பெயரையே ஏற்பர்.

ஆடு தொடாதது ஆதலின் இப்பெயர் பெற்றது என்பது பலரும் கூறும் விளக்கம். பொருள் செடியின் இயல்போடு பொருந்துகின்றது. ஆயினும் சொல்லமைப்பு இடந்தரவில்லை. ஆடு, தொடா என்பன சேர்ந்தால் 'ஆடுதொடா' என்றே அமையும். 'ஆடாதோடை' என்பதில் எதிர்மறை ஆகாரம் முன்மொழிக்கண் நிற்கின்றது. இச்செடி பாடாத நாவையும் பாடவைக்கும் என்னும் வழக்குரையோ 'ஆடா', 'பாடா' என்னும் எதுகையைக் கேட்டு, ஆடுதல் என்னும் வினையாகவே அதனைக் கொள்கின்றது. ஒரே பெயர்க்கு மக்கள் இருவேறு பொருள் கண்டனர் என்றால், இரண்டும் பெயர் தோன்றிய பின்னர்க் கற்பித்தவை என்று ஐயுற இடமுண்டு. மலையாளத்து ஆடலோடகம், கன்னடத்து ஆடுசோகெ, தெலுங்கின் அட்டசரம், இந்தியின் அடூசா, வடமொழியின் ஆடரூஷகம் ஆகியவற்றை ஒருங்கு நோக்குவார்க்கு, இவை ஓரினச் சொற்கள் என்பது புலனாகும். ஆதலின் 'ஆடுதொடா' என்பது, பொருள் விளங்காத பழம்பெயரைப் பொருள் விளங்குமாறு மக்கள் திருத்திக்கொண்ட வடிவம் என்று யாம் கருதுகின்றோம்.

3. பொருளொப்புமையால் நேரும் இடர்

சொற்பிறப்பு எவ்வாறாயினும் ஆகுக, மருந்து ஒன்றே அன்றோ என்று சிலர் வினவலாம். அன்று என்பதற்குச் சான்று ஆடுதீண்டாப்பாளை. இப்பெயரில் ஐயமில்லை. தீண்டா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஆடு தீண்டாத பாளை என்பது பொருள். இதனை ஆடுதின்னாப்பாளை என்றும் வழங்குவர். இது கரிசல் நிலத்தில் தரையோடு படரும் சிறுசெடி. இலை சிறுநீரக வடிவினது. பூச்சிகளை அகற்றவும், தோல் நோய்க்கும், நச்சுக்கடிக்கும் நாட்டு மருத்துவத்தில் வழங்கியது.

இச்செடி அரிசுடோலோக்கியா என்னும் இனத்தைச் சார்ந்தது. அவ்வினத்தின் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கவல்லது என்பது, பெல்சியத்தில் உடல் மெலியும்பொருட்டு மூலிகை உண்ட மகளிரிடம் கண்ட கேட்டினால் 1993இல் உலகறிய வெளியாயிற்று. இவ்வினச் செடிகள் சேர்ந்த மூலிகை மருந்துகளைப் புற்றுநோய் விளைப்பவை என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2002இல் வகுத்தது.

இனி, தொடுதல், தீண்டுதல் என்பன ஒருபொருட் சொற்கள். 'ஆடுதொடா' என்று ஏட்டில் கண்ட ஒருவர், பொருளொப்புமை கருதி அதற்கு 'ஆடுதீண்டா' என்று குறிப்பெழுதினால் இலக்கண முறையில் அவரைக் குறை கூற முடியாது. ஆனால் இருமலுக்கு உரிய மருந்தின் இடத்தில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் செடி வந்து நிற்கும். நிலத்தில் கண்டால் ஓங்கிய புதரையும் தரையிற் படரும் செடியையும் சிறுவரும் பிரித்தறிவர். இடித்துச் சலித்த சூரணத்தில் அவ்வேறுபாடு மறையும். சொல்லடைவில் அது தோன்றுவதே இல்லை.

மொழிபெயர்ப்பில் இடர் இன்னும் மிகும். கன்னடத்தில் 'ஆடுமுட்டத பள்ளி' என்பது ஆடு தொடாத கொடி என்று பொருள்படும். ஆயினும் அது குறிப்பது நாம் நஞ்சறுப்பான் என்று வழங்கும் கொடியை. அதுவும் இரைப்புக்கு வழங்குவது. மிகுந்தால் வாந்தி எடுப்பிப்பது. இங்கு நோயும் ஒன்றாதலின், இடம் நோக்கிப் பொருளறியும் வழியும் அடைபட்டு விடுகின்றது.

4. பதிப்பாளர் கடன்

இவற்றால் பெறப்படுவன சில. மருந்துப் பெயர்க்கு அதன் சொற்பொருளைக் கொண்டு மறுபெயர் வகுத்தலாகாது. வழக்கில் உள்ள மறுபெயரையே, வழங்கும் வட்டாரத்தோடு குறித்தல் வேண்டும். ஏட்டின் வடிவத்தை உள்ளவாறே காட்டி, திருத்திய வடிவத்தை வேறாகத் தருதல் வேண்டும். ஒவ்வொரு பெயர்க்கும் தாவர நூற்பெயர், செடியின் வகை, கொள்ளும் உறுப்பு, சுவை ஆகிய நான்கும் எழுதுதல் வேண்டும். புதர் என்னும் ஒரு சொல் அடைவில் இருந்திருப்பின், மேற்காட்டிய மயக்கம் எழவே எழாது. இறுதியாக, செடியை நேரிற் கண்டறிந்த மருத்துவரையும் தாவர நூலாரையும் வினவாமல் எந்தப் பெயரையும் முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

சொல்லாராய்ச்சி ஏட்டளவில் நிற்பது என்று எண்ணுவோர் உளர். மருத்துவ நூலைக் கையில் எடுத்த மாணவர் அவ்வாறு எண்ணுதல் இயலாது. அவர் எழுதும் குறிப்பை நம்பி ஒருவர் இலை பறிக்கச் செல்வர் என்பதை எழுதுந்தோறும் நினைத்தல் வேண்டும்.