உஷார்! முழங்கை வீங்கினால் விரலைப் பாருங்கள்

கொய்யா மரமோ, மாடிப்படியோ, பள்ளிக்கூடத்துச் சறுக்குமரமோ, எதிலிருந்து விழுந்தாலும் பிள்ளை முதலில் தரையில் ஊன்றுவது உள்ளங்கையைத்தான். அந்த அடி மேலேறி, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு தட்டையாக மெலிந்திருக்கும் இடத்தில் அதை முறித்துவிடுகிறது. 5 முதல் 7 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம். முழங்கை வீங்கியதும் வீட்டில் ஒருவராவது சொல்வார்: “எலும்புக்கெல்லாம் ஒண்ணும் ஆகலை, பிசகியிருக்கும். எண்ணெய் போட்டு உருவினா சரியாப் போயிடும்.”

உருவாதீர்கள்! உருவ யாரையும் விடாதீர்கள்.

எலும்பு முறிந்தது அல்ல இங்கே பெரிய ஆபத்து. முன்கைக்கும் விரல்களுக்கும் ரத்தம் கொண்டுபோகும் குழாய் முழங்கையின் உள்மடிப்பை ஒட்டித்தான் ஓடுகிறது. பக்கத்திலேயே நரம்பு. முறிந்த எலும்பின் கூர்முனை அவற்றின்மேல் குத்திக்கொண்டு நிற்கலாம். அதை எண்ணெய் போட்டு அழுத்தி உருவினால் என்ன ஆகும்?

அடுத்த கண்டம், இறுக்கிக் கட்டுவது. அடிபட்ட கை மறுநாளும் வீங்கும். கட்டு இளகாது. உள்ளே அழுத்தம் ஏறி, ரத்தம் போகாமல் ஏறக்குறைய 6 மணி நேரம் கடந்தால் தசை செத்துப்போகத் தொடங்கும். பிறகு எலும்பு அழகாகக் கூடினாலும் விரல்கள் கொக்கிபோல மடங்கியே நின்றுவிடும். இறுக்கமான கட்டால் கை இப்படி முடங்குவதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மான் 1881லேயே எழுதிவைத்தார். நாட்டுக் கட்டின் மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளைக்கருவும் மட்டும்தான் குற்றவாளி என்று எண்ணவேண்டாம். ஆஸ்பத்திரி மாவுக்கட்டும் இறுகினால் இதே கதைதான்.

ஆகவே விரலைப் பாருங்கள். வெளுத்திருக்கிறதா, சில்லென்று இருக்கிறதா? நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்பவேண்டும். கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டிவிரல் நுனியையும் சேர்த்து வட்டம் போடச் சொல்லுங்கள். நுனி மடங்கவில்லையென்றால் நரம்பு அடிபட்டிருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், ஏறிக்கொண்டே போகும் வலி. மருந்துக்கு அடங்காது, மடங்கிய விரலை லேசாக நீட்டிவிட்டாலே அலறுவான். சின்னப் பிள்ளைக்கு இதைச் சொல்லத் தெரியாது. ராத்திரி முழுக்கச் சிணுங்குவான், நாம் அடம் பிடிக்கிறான் என்போம்.

வளையல், மோதிரம், மணிக்கட்டில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் வீக்கம் ஏறுமுன் கழற்றிவிடுங்கள். கையை நேராக்கவும் வேண்டாம், முழுக்க மடக்கவும் வேண்டாம். பிள்ளை வைத்திருக்கிற வாக்கிலேயே அட்டையோ மடித்த செய்தித்தாளோ அணைகொடுத்து, துண்டால் தூளிபோலத் தொங்கவிட்டு, எலும்பு மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 108க்குச் சொல்லலாம். வழியில் ஜூஸ், பிஸ்கட் எதுவும் கொடுக்காதீர்கள். வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கமருந்து கொடுப்பது தள்ளிப்போகும்.

‘ஆபரேஷன்’ என்ற சொல்லைக் கேட்டதும்தான் பாதிப் பெற்றோர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கட்டுப் போடுபவரிடம் போகிறார்கள். பெரும்பாலும் இதில் கத்திக்கே வேலையில்லை. மயக்கம் கொடுத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி எலும்பை இழுத்துச் சேர்த்து, தோல் வழியாக இரண்டு மூன்று மெல்லிய கம்பிகளைச் செருகுவார்கள். ‘கே வயர்’ என்பார்கள். 1909ல் இந்தக் கம்பியை அறிமுகப்படுத்திய மார்ட்டின் கிர்ஷ்னரின் பெயர்தான் அந்தக் ‘கே’. நுனி வெளியே வளைந்து நிற்கும். 3, 4 வாரத்தில் புறநோயாளிப் பிரிவிலேயே உருவி எடுத்துவிடுவார்கள். விலகாத முறிவுக்கு இதுவும் வேண்டாம், மாவுக்கட்டே போதும். விலகியதை அப்படியே விட்டு “வளர்ந்தா நேராயிடும்” என்பதை மட்டும் நம்பாதீர்கள். மேற்கை எலும்பின் வளர்ச்சியில் முழங்கைப் பக்கத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுதான். கோணிய கை கோணியே நிற்கும்.

கம்பி போட்டு வீட்டுக்கு வந்தபிறகும் உஷார். கட்டு நனையக்கூடாது. சீழோ காய்ச்சலோ தெரிந்தால் உடனே போங்கள். ராத்திரி விரல் வெளுத்து வலி ஏறினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். கட்டைப் பிளந்து தளர்த்தினால் எலும்பு விலகிவிடுமோ என்று தயங்கவும் வேண்டாம். அதைக் கம்பி பிடித்துக்கொண்டிருக்கிறது.

கம்பி எடுத்த மறுவாரம், கை இன்னும் முழுசாக நீளவில்லையே என்று அதே உறவினர் அதே எண்ணெய்க் கிண்ணத்தோடு வருவார். விளையாட விட்டால் சில மாதங்களில் கை தானாக இளகும். அழுத்தி உருவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து முழங்கை இறுகிப்போகலாம். அவரை வாசலிலேயே உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்புங்கள்.