தரகர் எதற்கு? சிறுபான்மையினருக்கான கடனை நேரிலேயே கேளுங்கள்

கோவை ரயில் நிலையத்தில் இறங்கினால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு நடந்தே போய்விடலாம். மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகம் அங்கேதான் இயங்குகிறது. கடையை விரிவாக்கவோ பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ மீட்டர் வட்டிக்குக் கை நீட்டுவதற்கு முன் விசாரிக்க வேண்டிய இடம் இது.

1999இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தை எல்லோரும் டாம்கோ என்றே அழைக்கிறார்கள். அதன் கடன்கள் பெரும்பாலும் கூட்டுறவு வங்கிகள் வழியாக வருகின்றன. முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், சீக்கியர்கள், பௌத்தர்கள், பார்சிகள், ஜைனர்கள் ஆகிய ஆறு சமூகத்தாரும் விண்ணப்பிக்கலாம். ஜைனர்கள் தேசியப் பட்டியலில் சேர்ந்தது 2014இல்தான்.

குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் 6 சதவீத வட்டியில் 20 லட்சம் வரை தொழில் கடன் கேட்கலாம். வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் உச்சவரம்பு 30 லட்சம். வட்டி ஆண்களுக்கு 8 சதவீதம், பெண்களுக்கு 6 சதவீதம். விதிகள் மாறக்கூடும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ளதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மதச் சான்று, ஆதார், வருமானச் சான்று, குடும்ப அட்டை, திட்ட அறிக்கை ஆகியவை கையில் இருக்கட்டும். ஆட்டோ போன்ற வாகனம் வாங்க ஓட்டுநர் உரிமம் வேண்டும். கல்விக் கடனுக்குக் கல்லூரியின் சான்றும் கட்டண ரசீதும் வேண்டும்.

கொங்கு மண்ணில் தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசுவோர் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். மொழிச் சிறுபான்மையினர் என்ற தகுதியில் மட்டும் டாம்கோ கடன் கிடைக்காது. ஆனால் கல்வி நிறுவனம் தொடங்கி நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு மத, மொழிச் சிறுபான்மையினர் இருவருக்கும் தருகிறது.

ஆபத்து இடையில் வருபவர்களிடம் இருக்கிறது. "கடன் வாங்கித் தருகிறேன், திருப்பிக் கட்டவே வேண்டாம்" என்று சொல்லிக் கமிஷன் கேட்பவரை நம்பக் கூடாது. இது மானியமல்ல, தவணை கட்ட வேண்டிய கடன். 2023இல் ஒன்றியச் சிறுபான்மையினர் அமைச்சகம் ஆய்வு செய்த 1,572 நிறுவனங்களில் 830 நிறுவனங்கள் போலிப் பயனாளிகளின் பெயரில் கல்வி உதவித்தொகை எடுத்திருப்பது தெரிந்து, விசாரணை சிபிஐக்குப் போனது. எனவே ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களையும் வரும் ஓடிபி எண்ணையும் பிறரிடம் கொடுக்க வேண்டாம்.

விண்ணப்பம் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லையா? 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனு போட்டால், 30 நாளுக்குள் அலுவலகம் பதில் தர வேண்டும். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் மனு கொடுக்கலாம்.

பாகுபாடு நடந்ததாகக் கருதினால் சென்னையில் உள்ள மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்தை அணுகலாம். 1989இல் அமைந்து, 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் சட்ட அந்தஸ்து பெற்ற அமைப்பு அது. கந்துவட்டிக்காரர் மிரட்டினால் 2003ஆம் ஆண்டின் சட்டப்படி காவல் நிலையத்தில் புகார் தரலாம். குற்றம் நிரூபணமானால் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.