மஞ்சள் இல்லாத மேண்டில்

1962இல் ஐந்து சென்ட் கொடுத்து டாப்ஸ் கம்பெனியின் சூயிங்கம் பாக்கெட்டைப் பிரித்த அமெரிக்கச் சிறுவன், உள்ளே இருந்த பேஸ்பால் அட்டையில் வானம் நீலமா பச்சையா என்று பார்த்திருக்க மாட்டான். யார் படம் வந்திருக்கிறது என்பதுதான் அவனுக்கு முக்கியம். ஏற்கெனவே வைத்திருக்கும் ஆட்டக்காரர் வந்தால் நண்பனிடம் மாற்றிக்கொள்வான். அதற்கும் ஆள் இல்லையென்றால் சைக்கிள் சக்கரக் கம்பிகளில் படபடக்கும்படி செருகிவிடுவான். இன்று அதே அட்டையை விலைபேச வருகிறவர் முதலில் பார்ப்பது அந்த வானத்தைத்தான்.

காரணம் இருக்கிறது. அந்த ஆண்டின் இரண்டாம் வரிசை, அதாவது 110 முதல் 196 வரையிலான எண்கள், இரண்டு விதமாக அச்சாகி வெளிவந்தன. ஒன்றில் நிறம் இயல்பாக இருக்கும். மற்றதில் வானம், சட்டை, முகம் எல்லாவற்றின் மேலும் ஒரு பச்சைச் சாயல் ஓடும். பேஸ்பால் ஜாம்பவான் பேப் ரூத்தின் வாழ்க்கையைச் சொல்லும் பத்து அட்டைகளும் இந்த வரிசைக்குள் அடங்குவதால் அந்த மாமனிதரும் பச்சையிலிருந்து தப்பவில்லை.

நான்கு நிற அச்சில் சயான், மஜெண்டா, மஞ்சள், கறுப்பு என ஒவ்வொரு மைக்கும் ஒரு தகடு. மனிதத் தோலின் நிறம் பெரும்பாலும் மஜெண்டாப் புள்ளிகளும் மஞ்சள் புள்ளிகளும் சேர்ந்து கண்ணுக்குக் காட்டும் மாயம். மஜெண்டா தளர்ந்தால் பச்சை தலைதூக்கும். ஆனால் 1962இல் நடந்தது மை தளர்ந்த கதை மட்டும் அல்ல. கார்ல் வில்லி என்ற ஆட்டக்காரரின் 174ஆம் எண் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு வகையில் தலையில் தொப்பி இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. வேறு சில அட்டைகளிலும் படமே மாறியிருக்கிறது. படம் மாறாதவை பலவற்றிலும் அதை வெட்டிய அளவு சற்றே வேறுபடும். ஆகவே இரண்டாவது வகைக்குத் தகடுகளையே புதிதாகச் செய்திருக்கிறார்கள். இதைப் புரிந்துகொண்ட சேகரிப்பாளர் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்ல மாட்டார். படத்தின் விளிம்பு எங்கே வெட்டுப்படுகிறது என்பதையும் பார்ப்பார். அது வெயிலில் மாறாது, விளக்கொளியிலும் மாறாது.

அந்தக் காலத்தில் இத்தகைய வேறுபாடுகளைச் சொல்லும் வழிகாட்டி இல்லை; அட்டை வரிசைகளுக்கான பட்டியல் மட்டும் இருந்தது. ஜெபர்சன் பர்டிக் என்ற மனிதர் மூட்டுவலியோடு போராடியபடியே அமெரிக்க அட்டைகளையெல்லாம் வகைப்படுத்தி 1939இல் பட்டியல் வெளியிட்டார். 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டுகளில் வந்த அட்டைகளை உலகம் இன்றும் டி206 என்று அழைப்பது அவர் இட்ட எண்ணால்தான். தன் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் இரண்டு அட்டைகளை ஜன்னலோரம் அருகருகே வைத்துப் பார்த்துத்தான் வேறுபாடுகளைக் கண்டுபிடித்தார்கள். கண்டதைக் கடிதத்தில் எழுதினார்கள்.

1979இல் பெக்கெட் என்பவரின் அட்டை விலைப் புத்தகம் வந்தபின் காற்று திசை மாறியது. ஒரு வேறுபாட்டுக்குப் பட்டியலில் தனி வரி கிடைத்தால் தனி விலையும் கிடைத்தது. 1969ஆம் ஆண்டு டாப்ஸின் 500ஆம் எண் அட்டை பேஸ்பால் நட்சத்திரம் மிக்கி மேண்டிலுடையது. அந்த ஆண்டு மார்ச் 1 அன்று அவர் ஓய்வை அறிவித்தார். அட்டையில் அவர் குடும்பப் பெயர் வழக்கமாக மஞ்சளில் இருக்கும். சிலவற்றில் மட்டும் வெள்ளை. அந்த வெள்ளைக்குப் பல மடங்கு விலை.

பணம் வந்த இடத்துக்குப் பொய்யும் வந்தது. அச்சு மைகளில் மஞ்சளும் மஜெண்டாவும் வெளிச்சத்துக்கு வேகமாக வெளிறும். சயானும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். ஒரு சாதாரண அட்டையை வெயிலில் போட்டுவைத்து ‘மஞ்சள் விட்டுப்போன அபூர்வம்’ என்று விற்க முடியும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் இங்கே கைகொடுக்கும். உண்மையான வெள்ளை எழுத்து மேண்டிலில் எழுத்து மட்டுமே வெள்ளை. முகத்தில் மஞ்சள் புள்ளிகள் அப்படியே நிற்கும். வெயில் தின்றதென்றால் முகமும் சேர்ந்து நீலம் பாய்ந்திருக்கும். ரசாயனம் வைத்து எழுத்தை மட்டும் அழித்திருந்தால், ஓரங்களில் மஞ்சள் மிச்சம் இருக்கிறதா, அட்டையின் பளபளப்பு அந்த இடத்தில் மட்டும் குன்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்று தகவலுக்குப் பஞ்சம் இல்லை. எந்த எண்ணில் எந்த வேறுபாடு என்பது நொடியில் கிடைக்கிறது. ஆனால் வாங்குபவர் அட்டையைத் தொடுவதே இல்லை. கைபேசிப் படத்தைத்தான் பார்க்கிறார். வெள்ளைச் சமநிலையைக் கைபேசி தானே திருத்திக்கொள்கிறது. மஞ்சள் பல்பின் கீழ் எடுத்த படத்தில் நீல வானம் பச்சையாகலாம். ஸ்கேனரும் கேட்காமலே நிறத்தைச் சரிசெய்கிறது. அட்டையைத் தரம்பார்த்து முத்திரையிடும் நிறுவனங்கள் பெயர்பெற்ற வேறுபாடுகளைச் சீட்டில் குறிப்பிடுகின்றன. அது நல்ல துணை. ஆனால் அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் போகாத அட்டைகள் ஏராளம். அவற்றுக்கு உங்கள் கண்தான் நீதிபதி. ஜன்னலோரம் இரண்டு அட்டைகளை வைத்துப் பார்த்தவர்களுக்கு இருந்த வசதி நமக்குக் குறைந்துவிட்டது என்றே சொல்வேன்.

எனவே வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதே வரிசையைச் சேர்ந்த மலிவான சாதாரண அட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரே ஒளியில் படமெடுத்து அனுப்பும்படி விற்பவரிடம் கேளுங்கள். எண் அச்சாகியிருக்கும் பின்பக்கத்தையும் கேளுங்கள். 110க்குக் கீழேயோ 196க்கு மேலேயோ எண் உள்ள 1962 அட்டையைப் பச்சைச் சாயல் வகை என்று யாராவது விலை சொன்னால், பேரம் பேசாமல் விட்டுவிடுங்கள்.