வதந்திக்கு மருந்து, விசாரிக்க ஓர் ஆள்

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னையில் கோவாக்சின் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-ம் தேதி காலமானார். ஊசிதான் காரணம் என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் காட்டுத்தீயாகப் பரவியது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்ற மத்திய ஆய்வுக் குழுவின் முடிவு அக்டோபரில்தான் வெளிவந்தது. இடைப்பட்ட மாதங்களில் யாரைக் கேட்டுத் தெளிவது? பெரிய காஞ்சிபுரத்து நெசவாளருக்குப் பழகிய டாக்டர் இருப்பார். தெருவில் தெரிந்த நர்ஸ் இருப்பார். 1983 முதல் கடல் கடந்து வந்து முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்கும், ஒரகடம் ஆலைகளுக்கு வந்த வடமாநிலத் தொழிலாளிக்கும் அந்த வசதி குறைவு. உறவினர் அனுப்பும் குரல்பதிவுதான் அவர்களுக்கு நம்பகமான தகவல். அவர்கள் வதந்தியை நம்பினால், அதற்குக் காரணம் அறியாமை அல்ல. விசாரிக்க ஆளில்லாத நிலை.

உள்ளூர்க்காரர்களும்தானே ஏமாந்தார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட்டபோது, வாட்ஸ்அப் செய்தியை நம்பிப் பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாம் என்றார்கள். வதந்தி எல்லோரையும் தொடுகிறது. அதிலிருந்து மீளும் வழிதான் எல்லோருக்கும் சமமாக இல்லை. அடையாள அட்டை இல்லாதவர்களுக்கும் கொரோனா தடுப்பூசி போடும் நெறிமுறையே 2021 மே மாதத்தில்தான் வந்தது. அட்டை எங்கே என்று கேட்ட மேசையே பிறகு ‘எங்களை நம்புங்கள்’ என்றால், தயக்கம் இயல்பு. ஆகவே, மறுப்பு அறிக்கை மட்டும் போதாது. முகாமிலிருந்தே, தொழிலாளர் விடுதியிலிருந்தே, அவர்கள் மொழி பேசும் சுகாதாரப் பணியாளர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தர வேண்டும். அதுவும் அடுத்த நோய் வருவதற்கு முன்பே.